மிச்ச சீட்டு

பள்ளி முடித்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்த லாரி, ரான்டர்ஸ் ஊரில் சிட்ஸல் வீட்டு வாசலில் நின்றது. எல்லார் தலையிலும் பள்ளி முடித்ததற்கு அடையாளமான வெள்ளைத் தொப்பி. அந்த ஊர் வழக்கப்படி அப்பா பிரேபன் ஒவ்வொருவருக்கும் பீர் எடுத்துக் கொடுத்தார். கிரீன்லாந்து மொழி படிக்கப்போவதாகச் சொன்னாள் சிட்ஸல். சின்ன வயதில் ரேடியோவில் கேட்டதிலிருந்தே அந்த மொழிமேல் அவளுக்குக் கிறுக்கு.

"அதுக்கு பாஸானாலே சீட்டு குடுப்பாங்களேடி," என்று சிரித்தாள் தோழி கிரூ. "ஸ்கூல் ஃபர்ஸ்ட் நீ. அத்தனை மார்க்கையும் குப்பையில கொட்டப்போறியா?"

"அதுல வேலை கிடைக்குமாம்மா?" என்று மட்டும் கேட்டார் அப்பா.

இந்த ஊர்ப் பிள்ளைகள் செய்கிற அதே தப்பைத்தான் அவளும் செய்தாள். கட்-ஆஃப் எதற்கு அதிகமோ அதில் சேர்ந்தாள். வணிகம். மார்க் வீணாகவில்லை, அதுதான் மிச்சம்.

பிறகு கப்பல் கம்பெனி வேலை. எந்தச் சரக்கு எந்தத் துறைமுகத்துக்கு என்று பார்ப்பாள். கிரீன்லாந்து ஊர்ப்பெயர் ஏதாவது வந்தால் வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிக்கொள்வாள். நாற்பதைத் தாண்டியதும் பொறுக்கமாட்டாமல் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தாள்.

"ஏற்கெனவே டிகிரி முடிச்சவங்களுக்கு, மத்தவங்களுக்குக் குடுத்தது போக மிச்ச சீட்டு இருந்தாத்தாங்க," என்றாள் அங்கே எடுத்த பெண். "வேலை இல்லாத படிப்புன்னு சீட்டையே குறைச்சிட்டாங்க. இப்பல்லாம் மிச்சமே விழறதில்ல."

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னாள். அவர் கேக்கை வெட்டி அவள் தட்டில் வைத்தார்.

"விடும்மா. கையில ஒரு டிகிரி இருக்கு. அதை யாராலயும் பறிக்க முடியாதுல்ல."