தகரம் அடித்த காவல்காரர்

கேகாலை பஜாரில் என் பெயரைச் சொன்னால் திறக்காத கதவு கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்று, சொந்தக் கையால் இரண்டு கடை போட்டவன் நான். கொழும்பிலிருந்து வந்த சம்பந்தி வீட்டாரிடம், “ரம்புட்டான மரத்துலயே பறிச்சுத் தின்னலாம், வாங்க” என்று சொல்லி, வேன் பிடித்து நண்பர் ஒருவரின் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன்.

மரத்தடியில் ஒரு காவல்காரர். ஒல்லி உடம்பு, தலையில் சாக்கு. கிளைகளில் தொங்கிய தகர டப்பாக்களை ஒரு கயிற்றால் இழுத்து இழுத்து அடித்துக்கொண்டிருந்தார்.

“வௌவால் வெரட்டத்தாங்க இது. பழத்தத் தொடாதீங்க மொதலாளி.”

“தோட்டத்துச் சொந்தக்காரரே வரச்சொன்னாருய்யா! நான் யாருன்னு தெரியுமா?”

“ஒங்களத் தெரியாதவங்க உண்டுங்களா? ஆனா பூ பூக்கையிலேயே பழத்தையெல்லாம் யாவாரிக்கு வித்துட்டாருங்க. நான் யாவாரியோட ஆளு. தோட்டந்தான் அவருது, நல்லா சுத்திப் பாருங்க.”

சம்பந்தியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “பாத்தாச்சுங்க, போவோமா?” என்றார். கடைசியில் ரோட்டோரக் கடையில்தான் ரம்புட்டான் வாங்கிக் கொடுத்தேன்.

நாங்கள் வேனில் ஏறும்வரை அவர் கயிற்றை விடவில்லை. வௌவால் இரவில்தானே வரும்? பட்டப்பகலில் அந்தத் தகரத்தை யாரை விரட்ட அடித்தார் என்று நினைத்தால், இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.