பத்து மெகாபிக்சலில் ஒரு கல்யாணம்

போட்டோ ஸ்டூடியோக்காரன் பொழப்பு இருக்கே, மூஞ்சி அவங்களோடது, குத்தம் மட்டும் நம்மளோடது. மட்டாஞ்சேரியில ஸ்டூடியோ வெச்சு, ஃபிலிம் ரோல் போய் டிஜிட்டல் வந்த கூத்தையும் பாத்தவன் நான். கேமரா புடிச்சு வயித்தைக் கழுவின அத்தனை பேரும் எனக்குக் கூடப் பொறந்தவங்க மாதிரி. நீங்க பட்ட பாட்டைத்தான் நானும் பட்டேன், கேளுங்க.

பாஸ்போர்ட் படம்

இடக்கொச்சியிலிருந்து ஒரு சேட்டன் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வந்தாரு. ஸ்டூல்ல உக்காரும் முன்னாடியே கேமரா எத்தனை மெகாபிக்சல்னு கேட்டாரு. ஆறுன்னேன். அவர் முகம் சுருங்கிப்போச்சு. “இத்துனூண்டு படத்துக்கு ஒண்ணே ஜாஸ்தி சேட்டா. ஆல்பத்துல ஒட்டுற கையகலப் படத்துக்கே ரெண்டு மூணு தாராளம். படத்தைப் படமாக்குறது வெளிச்சமும் லென்ஸும்தான்”னு தொண்டை வத்த விளக்கினேன். எல்லாத்துக்கும் தலையாட்டினாரு. நானும் நம்பி லைட்டைப் போட்டா, மனுஷன் எழுந்து நின்னு சட்டையை இழுத்துவிட்டுக்கிறாரு.

“ஆறு காணாது. என் மூஞ்சி கொஞ்சம் பெருசு. பிராட்வே ஸ்டூடியோல எட்டு இருக்காம், அங்க போயிக்கிறேன்.”

ரெண்டு படம்

வெளியாள் அப்படின்னா, வீட்டாள் அதுக்கு மேல. எங்க அக்கா மக செல்விக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. அவ மொட்டை போட்ட நாள்லருந்து எல்லாப் படமும் நான் எடுத்தது. கல்யாணத்துக்கும் நான்தானேன்னு பேட்டரியெல்லாம் சார்ஜ் போட்டு வெச்சிருந்தேன். அத்தான், அதாவது செல்வியோட அப்பா, கார்ப்பரேஷன் வேலை முடிஞ்சு கடைக்கு வந்து, சாயாவை உறிஞ்சிக்கிட்டே குண்டைத் தூக்கிப் போட்டாரு. அவரோட தம்பி மகன் சுரேஷ் துபாய்லருந்து பத்து மெகாபிக்சல் கேமராவோட வந்திருக்கானாம், அவனே எடுத்துக்குவானாம். சட்டைப் பைக்குள்ள போற சின்னக் கேமரா அது!

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்திருச்சு. மறுநாள் ரெண்டு பேரையும் வரச் சொல்லி, செல்வியைக் கடை வாசல்ல நிக்க வெச்சு, அந்தக் கேமராவுல சுரேஷை ஒண்ணு எடுக்கச் சொல்லி, என்னோடதுல நான் ஒண்ணு எடுத்து, ஒரே அளவுல பிரிண்ட் போட்டு, எது எதுன்னு சொல்லாம அத்தான் கையில கொடுத்தேன். வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. “இதுதான்டா படம்! புள்ள என்ன லட்சணமா இருக்கா!”ன்னாரு. அது என்னோட ஆறுன்னு சொன்னேன். ரெண்டு படத்தையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. சரி, உறைச்சிருச்சுன்னு நான் நெனைச்சேன்.

“அப்ப சுரேஷ் எடுத்ததை நீ வேணும்னே மட்டமா பிரிண்ட் போட்டிருக்க, மாப்ளே.”

கெட்டிமேளம்

கேமராவைக் கொண்டு வந்து சுரேஷ் மனசைச் சங்கடப்படுத்தாதேன்னு அக்காவே வந்து கெஞ்சினா. கல்யாணத்துக்கு வெறுங்கையோட போனேன். தாய்மாமன்ங்கிற முறைக்குச் செல்வியைக் கையைப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டுப் போனதும் நான்தான். சுரேஷ் காலையிலருந்து வாழைமரத்தை எடுத்தான், பந்தியை எடுத்தான், பாயச அண்டாவை நாலு பக்கமும் சுத்திச் சுத்தி எடுத்தான். எல்லாமே முழு பத்துல. மெகாபிக்சல் கூடக்கூட ஒவ்வொரு படமும் மெமரி கார்டுல எவ்வளவு இடத்தை அடைக்கும்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது.

கெட்டிமேளம் கொட்டுது, மாப்பிள்ளை தாலியை எடுத்துட்டாரு, சுரேஷ் தலை குனிஞ்சு பட்டனை அமுக்கிட்டே நிக்கிறான். “எடுடா பாவி!”ன்னு மேடையிலருந்தே கத்தினேன். மூணு முடிச்சும் விழுந்து, அட்சதையும் போட்டாச்சு. அப்பத்தான் நிமிர்ந்தான்.

“கார்டு ஃபுல் மாமா, பாயசத்தை அழிச்சுட்டு இருக்கேன், ஒரு நிமிஷம் கட்டாம இருக்கச் சொல்லுங்க!”

ஆல்பம்

பிரிண்ட் போடக் கார்டு என் கடைக்குத்தான் வந்தது, வேற எங்க போகும்? மண்டபத்து டியூப்லைட்ல எடுத்த முகமெல்லாம் பொரிபொரியா, பாசி புடிச்ச மாதிரி வந்துச்சு. என்னால ஆனமட்டும் தேத்தி ஆல்பம் பண்ணினேன். செல்வி, மாப்பிள்ளை, அத்தான் மூணு பேரும் வந்தாங்க. செல்வி கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினா, மறுபடி முதல்லருந்து புரட்டினா. “தாலி கட்டுனது எங்க மாமா?”ன்னு கேட்டா. கழுத்துல ஏறின தாலியைப் படத்துக்காகக் கழட்டி மறுபடி கட்ட முடியுமா? அவ கண்ணு கலங்கினதைப் பாத்ததும், ஊர்ச் சங்கடம் பாத்து கேமராவை வீட்டுல வெச்சுட்டுப் போன என்னையே அறையலாம்னு இருந்துச்சு.

அத்தான் ஆல்பத்தை வாங்கி, மூடி, பெருமூச்சு விட்டாரு. இப்பவாவது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்வாருன்னு பாத்தேன். சொன்னாரு.

“பத்து பத்தல மாப்ளே, பன்னெண்டு வாங்கியிருந்தா தாலியும் விழுந்திருக்கும்.”

கேமராவுக்கு வருஷா வருஷம் மெகாபிக்சலைக் கூட்டுறாங்க, எங்க அத்தான் மண்டைக்குள்ள ஒண்ணே ஒண்ணு கூட்ட எந்தக் கம்பெனியாலயும் முடியல.