கடைமடைக்குப் போன கூட்டம்

கேள்வி கேட்பதும் ஒரு தொழில்தான். சம்பளம் கிடையாது, வசவு உண்டு. ‘பணி முடிந்தது’ என்ற பலகைக்குப் பக்கத்தில் முடியாத பாலத்தைப் பார்த்துவிட்டு, ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று நடையைக் கட்டிய அனுபவம் உங்களுக்கு உண்டென்றால், நீங்களும் நம்மாள்தான். அம்பாசமுத்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிற நானும் இன்னும் நாலு பேரும், பலகையில் எழுதிய வேலை தரையில் நடந்திருக்கிறதா என்று போய்ப் பார்க்கிறோம். அவ்வளவுதான் எங்கள் தொழில்.

பளபள பலகை

பேச்சியம்மாள் என்னிடம் ரவிக்கை தைக்க வருகிறவள். வாய்க்காலின் கடைமடையில் அவளுக்குக் குத்தகை வயல். இரண்டு வருஷமாகத் தண்ணீர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இந்தப் பிசானப் பருவ நெல்லும் விளையாவிட்டால் குடும்பத்தோடு திருப்பூர் போய்விடுவதாக இருந்தாள்.

போய்ப் பார்த்தோம். ‘தூர்வாரும் பணி முடிந்தது’ என்று பெயிண்ட் மணம் மாறாத பலகை. பின்னால் வாய்க்கால் நிறைய ஆகாயத்தாமரை, மேலே ஆடு நடந்து போகலாம். எங்களைப் பார்த்ததும் காண்ட்ராக்டரின் மேஸ்திரி பைக்கில் வந்து இறங்கினார். “போர்டு நல்லாருக்குல்லா? அதைப் பாத்துட்டுப் போங்க யக்கா. வாய்க்காலை என்னத்துக்குப் பாக்குதிய?”

வடை செய்த வேலை

ஆகஸ்ட் பதினைந்து அன்று பேச்சியம்மாளின் ஊர்க் கிராம சபையில் கேட்டுவிடுவது என்று முடிவு. பேச்சியும் அவள் தெருக்காரர்களும் தாங்களும் பேசுவதாகச் சத்தியம் செய்யாத குறை. நான் எழுந்து வாய்க்கால் கதையைச் சொல்லிவிட்டு, ‘நீங்க சொல்லுங்க’ என்று திரும்பினால், அத்தனை பேரும் தரையைப் பார்க்கிறார்கள். பேச்சியும்தான். நான் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் காண்ட்ராக்டர் செலவில் எல்லாருக்கும் டீயும் ஆமவடையும் கொடுத்து முடித்திருந்தார்கள்.

தீர்மானம் இல்லாமலே கூட்டம் கலைந்தது. வந்த கோபத்தில் பேச்சியைப் பிடித்துக் கேட்டேன். முகம் சுண்டிப்போய்ச் சொன்னாள்: “அவிய குடுத்த வடையைத் தின்னுட்டு, அதே வாயால அவியளக் கொறை சொல்ல முடியுமாக்கா?”

வாய்க்காலில் காப்பி

காந்தி ஜெயந்தி கிராம சபைக்கு நாங்கள் முந்திக்கொண்டோம். பேச்சி விடியவே கருப்பட்டிக் காப்பி போட்டு, தெருவில் ஒருவரும் வடையைத் தொடக்கூடாது என்று சொல்லிவைத்தாள். இதுவும் லஞ்சத்தில் சேருமோ என்று எங்கள் குழுவில் ஒருவருக்குச் சந்தேகம் வேறு. மேஸ்திரியின் வடைத் தட்டு அப்படியே இருந்தது.

கூட்டத்தின் நடுவில் பேச்சி எழுந்து, “காப்பி வாய்க்கால்ல இருக்கு, எல்லாரும் வாங்க” என்றாள். ஊரே கிளம்பியது. வாய்க்கால் வேலைக்குப் பொறுப்பாகப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த பொறியாளரும் வேறு வழியில்லாமல் நடந்தார். அங்கே அவர் கையில் டம்ளரைக் கொடுத்து, “தூர் வாரியாச்சுன்னுதான எழுதியிருக்கு? உள்ள எறங்கி நின்னு குடிங்க சார்” என்றாள் பேச்சி. அன்று தரையைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பொறியாளர் பலகையைப் பார்த்தார், ஆகாயத்தாமரையைப் பார்த்தார், மேஸ்திரியைக் கூப்பிட்டார். “இந்தப் போர்டைப் புடுங்கி வண்டியில போடும்வே. வேலை முடிஞ்ச பொறவு நானே வந்து நட்டுத் தாரேன்.”

தண்ணீர்

இயந்திரம் வந்தது, இழுத்தடித்துத்தான் வந்தது. அணை திறந்த பிறகு ஒரு மத்தியானம் பேச்சி போன் செய்தாள். பாதி தைத்த ரவிக்கையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கலங்கலாக, இலையும் சருகுமாகத் தண்ணீர் அவள் வயலுக்குள் பைய நுழைந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பேச்சி அழவில்லை. கணுக்கால் சேற்றோடு வரப்பேறி வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “நாங்க திருப்பூருக்குப் போகலக்கா. அடுத்த போர்டு எங்கன இருக்கு?”

ஆக, இந்தத் தொழிலில் சம்பள உயர்வு என்பது, நம்மோடு சேர்ந்து வசவு வாங்க இன்னொரு ஆள் கிடைப்பதுதான்.