இளஞ்சிவப்பு விளிம்பு

உயிலங்குளத்தில் நாங்கள் மீளக்குடியேறிய முதல் வருடம், மன்னார் நகரிலுள்ள ஒரு கந்தோரில் வரைபட மென்பொருளுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். மிதிவெடி அகற்றாத காணிகளைச் சிவப்பால் நிரப்பி, தடித்த சிவப்புக் கோட்டால் வளைப்பது என் பகுதி. கோட்டின் வெளிவிளிம்புதான் எல்லை. திரை சதுரப் புள்ளிகளால் ஆனது. சரிவான கோடுகள் அதில் படிப்படியாக உடைந்து தெரிந்தன.

பொறுப்பதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. "கொழும்பிலயிருந்து ஆக்கள் வருகினம். இது என்ன மிஸ், எலி அரிச்ச மாதிரிக் கிடக்கு?" என்றார்.

இரண்டு கிழமை மினைக்கெட்டுத் திருத்தினேன். விளிம்பிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் கோடு எவ்வளவு மூடுகிறதோ, அவ்வளவு சிவப்பு மட்டும் கொடுத்தேன், மிச்சம் வெள்ளை. படிகள் கரைந்தன. கோடு வழுவழுவென்று ஓடியது. "இப்பதான் வடிவு" என்றார். நானும் அன்று பெருமைப்பட்டேன்.

அந்தச் சிறிய படத்தையே பல மடங்கு பெருப்பித்து, பிளாஸ்ரிக் பதாகைகளில் அச்சடித்து ஊரூராகக் கட்டினார்கள். எங்கள் பள்ளிக்கூட வீதியிலும் ஒன்று நின்றது. திரையில் கண்ணுக்கே படாத விளிம்பு, அதில் இரண்டு விரல் அகல இளஞ்சிவப்புப் பட்டையாகியிருந்தது. அந்தப் பட்டையில் பாதி வெடிக் காணிக்குள் கிடந்தது.

ஒரு பின்னேரம் என் மகள் மடி நிறையப் பாலைப்பழம் கொண்டுவந்தாள்.

"எங்கை ஆய்ஞ்சனீ பிள்ளை?"

"போர்டில ரோஸ் அடிச்சுக் கிடக்கிற பக்கத்தில. அங்க அரைவாசி வெடி எடுத்தாச்சாம். சிவப்புக்குள்ளதான் போகக்கூடாதாம்."

"அங்க எல்லைக்குத் தடி நட்டுக் கிடக்கெல்லே?"

"அதை மாடு விழுத்திப்போட்டுது. போர்டைப் பாத்துத்தான் எல்லாரும் போறவை. பக்கத்து வீட்டு மாமாவும் அங்கதான் விறகு வெட்டுறவர்."

பழங்களை அடுப்புக்குள் கொட்டினேன். அவள் அழுதாள். போருக்குள் ஓடி ஓடிப் பிழைக்கவைத்த பிள்ளை.

மறுநாள் பொறுப்பதிகாரி தேநீரில் தோய்த்த பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டே கேட்டார்: "சனத்துக்குப் படம் பாக்கத் தெரியாட்டி நாங்கள் என்ன செய்யிறது?" அவருடைய உதட்டில் ஒட்டியிருந்த துகளைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. எல்லைக் கோட்டுக்கு, விளிம்பை வெளிறவைக்கும் மென்மையாக்கலை நிறுத்தி, தடிப்பை முழுவதும் வெளிப்பக்கம் தள்ளிய புதிய படத்தைக் காட்டினேன். இனிக் கோட்டை மிதித்தாலும் ஆள் தப்பும். "திரும்பவும் எலி அரிச்சதோ?" என்று சிரித்தார். அச்சடிக்க விடவில்லை.

சிவப்புப் பெயின்ற் வாங்கிக்கொண்டு வீதிக்குப் போனேன். பட்டையை மூடி, அதற்கும் அப்பால் கோணல்மாணலாகப் பூசினேன். பக்கத்து வீட்டுக்காரர் கோடரியோடு வந்து சைக்கிளை நிறுத்தினார்.

"ஏன் பிள்ளை போர்டைப் பழுதாக்கிறாய்?"

"ரோஸுக்குள்ளையும் வெடி இருக்கு அண்ணை."

"அப்ப ஆர் இப்பிடிக் கீறினது?"

"நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வீதியில் காறித் துப்பிவிட்டு, சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பினார். நான் மிச்சப் பட்டையைப் பூசினேன்.