பைன் மரம் பெண்பால்

கொடைக்கானலில் லத்தீன் கற்பித்த இத்தனை வருடத்தில், என் பாடத்தால் ஒருவருக்கு வேலை போகப் பார்த்தது ஒரே ஒரு முறைதான்.

அந்த மாலை வகுப்பில் ஐந்து பேர். நான்கு பேர் கன்னியர் மடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள். ஐந்தாவது ஆள் அந்தோணி, ஏரிக்கு மேலே ஒரு தனியார் தோட்டத்தில் நெடுநாள் தோட்டக்காரர். மரங்களின் லத்தீன் பெயர்களுக்கு அர்த்தம் தெரிந்தால் டூரிஸ்டுகளுக்கு விளக்கலாமே என்று சேர்ந்திருந்தார்.

தமிழில் 'நல்ல' மாறாது. நல்ல நண்பன், நல்ல மகள். லத்தீனில் மாறும்: நண்பன் என்றால் 'அமீகுஸ் போனுஸ்', மகள் என்றால் 'ஃபீலியா போனா'. முதல் வாரமே குழப்ப வேண்டாமென்று, "பெயர்ச்சொல் முடிவில் என்ன வாலோ, அடைமொழிக்கும் அதே வால்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் தப்பில்லாமல் எழுதினார்கள். எனக்கும் பெருமைதான்.

திங்கட்கிழமை அந்தோணியிடமிருந்து போன். "டீச்சர், கொஞ்சம் வெரசா வாங்க. மேனேஜர் என்னைய வேலைய விட்டுப் போகச் சொல்றாரு."

போய்ப் பார்த்தேன். பைன் மரத்துப் பலகையில் 'பீனுஸ் பாத்துலா' என்றிருந்ததை 'பீனுஸ் பாத்துலுஸ்' என்று புது பெயிண்டில் திருத்தியிருந்தார். பிளம்ஸ் மரத்தில் 'ப்ரூனுஸ் தொமெஸ்திகா' இப்போது 'தொமெஸ்திகுஸ்'. இப்படிப் பதினொரு பலகைகள். காலையில் மாணவர்களோடு வந்த தாவரவியல் பேராசிரியர் ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார்.

"யாரைக் கேட்டுய்யா மாத்துன?" மேனேஜர் கத்திக்கொண்டிருந்தார். அந்தோணி என் பெயரைச் சொல்லவில்லை.

"நான் சொல்லிக்கொடுத்ததுதாங்க தப்பு," என்றேன். "வால் ஒண்ணா இருக்கணும்னு இல்ல, பால் ஒண்ணா இருக்கணும். லத்தீன்ல மரமெல்லாம் பெரும்பாலும் பெண்பால். பேரு ஆண்பால் மாதிரி 'உஸ்'னு முடிஞ்சாலும் அடைமொழி பெண்பால்லதான் வரும். அதை இவருக்கு நான் சொல்லல."

மேனேஜர் நம்பாமல் பார்த்தார். அந்தோணிதான் சட்டென்று நிமிர்ந்தார்.

"எங்க மச்சான் பேரு செல்வம். மரம், பழம் மாதிரிதான் முடியுது. அதுக்காக 'செல்வம் வந்துச்சு'ன்னா சொல்றோம்? 'செல்வம் வந்தாரு'ன்னுதானே சொல்றோம். அந்த மாதிரியா டீச்சர்?"

இத்தனை வருடத்தில் இவ்வளவு சுருக்கமாக நான் விளக்கியதில்லை. "அதேதான்," என்றேன்.

மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி சரி, எல்லாத்தையும் பழையபடி எழுதிட்டு சோலியப் பாரு," என்று போய்விட்டார். அன்று பிற்பகல் முழுக்க அந்தோணி எழுத, நான் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

அந்தோணி வகுப்பை விடவில்லை. போன மாதம் தோட்டத்திற்கு ஒரு புதுச் செடி வந்தது. பலகை எழுதுமுன் என்னிடம் வந்தார். "ரோதோதெந்த்ரோன் அர்போரேயும். ஒண்ணு 'ஓன்', ஒண்ணு 'உம்'. வால் வேற வேற, ஆனா ரெண்டும் அஃறிணை மாதிரி மூணாவது பால். மாத்த வேண்டாம்ல?"

"வேண்டாம்," என்றேன்.

இப்போது முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: இது பாதி விதிதான், மீதி பின்னால் வரும் என்று. கேட்பவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். பரவாயில்லை. நாம் சொல்வதை நம்பி ஒருவர் பிரஷ்ஷைக் கையில் எடுத்துவிடுவார்.