விரல் இடுக்கில் ஈரம்

நர்ஸ் காலின் கட்டைப் பிரித்ததும் எழுந்த வாடையில், காலுக்குச் சொந்தக்காரியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாணவர் விடுதியின் சமையற்கட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் அவள். புருஷன் போன மறுமாதம் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றவள், தலை நரைத்தும் நகரவில்லை. பொழுதுக்கும் ஈரத் தரை, ரப்பர் பூட்ஸ். இடது காலின் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே சேற்றுப்புண் வந்தது. வெறும் அரிப்பாகத் தொடங்கி, தோல் வெளுத்து உரிந்து, சீழ் வைத்துவிட்டது. போதாததற்குச் சர்க்கரை வேறு. அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்.

“தண்ணி பட்டுச்சாம்மா?”

“சத்தியமா ஒரு சொட்டு படல சிஸ்டர். நடுவுல நல்லாப் பஞ்சை அடைச்சு, கட்டு மேல பிளாஸ்டிக் பையை மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டுத்தான் பூட்ஸுக்குள்ள காலையே விட்டேன்.”

குரலில் லேசான பெருமை. கூட வந்த தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள். “ஊறுகாய் போட்ட மாதிரி போட்டு வச்சிருக்கா பாருங்க சிஸ்டர்!”

நர்ஸ் இடுக்கியால் இழுத்தாள். பஞ்சு பிசுபிசுவென்று நூல் நூலாக வந்தது. “வெளித் தண்ணி வரலம்மா. உங்க வேர்வையே போக வழியில்லாம உள்ளயே நிக்குது. பையும் வேணாம், பஞ்சும் வேணாம். இனி பூட்ஸ் போடவே கூடாது.”

“பூட்ஸ் இல்லாம தொட்டிகிட்ட எப்படி நிக்கிறது?”

“நிக்காதீங்க.”

நர்ஸ் புண்ணை உப்புநீரால் கழுவி, ஒத்தி ஒத்தி ஈரம் எடுத்தாள். மருந்துத் துணியை நாடாவாகக் கத்தரித்து ஒவ்வொரு விரல் இடுக்கிலும் தளர்வாக வைத்தாள். எரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வழியெல்லாம் தங்கச்சி விடவில்லை. “மாஸ்டர்கிட்ட உக்கார்ற வேலை கேளேன். கேட்டா வாயில இருக்கிற முத்து கொட்டிடுமா?”

“முடியலன்னா வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டா?”

“விரல் போனா மட்டும் உள்ள கூப்பிட்டு வச்சுப்பாரா?”

மறுநாள் சமையல் மாஸ்டர் முன் போய் நின்றாள். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத வாய் திறக்கவில்லை. பேசாமல் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினாள்.

மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். “இத வச்சுக்கிட்டா நின்ன? சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாக்கா?” அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார். “சாப்பாட்டு ரூம்ல டோக்கன் வாங்கற மேசையில உக்காரு. ஆனா தொட்டிக்கு வேற ஆள் போட்டுருவேன். அப்புறம் வந்து என் இடம்னு நிக்கக் கூடாது.”

“சரிங்க” என்றாள்.

அடுத்த வாரம் டாக்டர் விரல்களை விலக்கிப் பார்த்தார். இடுக்கு காய்ந்து, ஓரத்தில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக எட்டிப் பார்த்தது. “விரல் இருக்கட்டும், எடுக்க வேண்டாம்” என்றார். தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவுக்கோ எங்கேயாவது படுத்துத் தூங்கினால் போதும் என்றிருந்தது.

மறுநாள் மதியம் டோக்கன் மேசையில் உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தட்டுகள் விழும் சத்தம். தொட்டிக்குப் புதிதாக வந்தவள் அவசரக்காரி, அலசாமலே அடுக்குகிறாள். சத்தமே சொன்னது. எழுந்து போய்ச் சொல்லலாமென்று மேசையில் கையை ஊன்றினாள்.

“டோக்கன்” என்று ஒரு கை நீண்டது. ஊன்றிய கையாலேயே அதை வாங்கி டப்பாவில் போட்டாள். அதற்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது.