சட்டைப் பையில் கடதாசி, வாளியில் மீன்

போன சனிக்கிழமை தயிர் என்று நினைத்து என் மனைவி பிரிட்ஜிலிருந்து எடுத்த கப்புக்குள் மண்புழு நெளிந்தது. மீன்பிடிக்கப் போகிற மனிசனுக்கு வீட்டில் என்ன மரியாதை கிடைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த ஈரமண் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு அன்ரன் அண்ணையின் அந்தப் பழைய வாளி ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாடு விட்டு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடமொன்றின் பதினைந்தாம் மாடியில் ஒரே அறையில் நானும் அவரும் இருந்தோம். மன்னார்க் கடலில் வலை இழுத்தவர், இங்கே ஹோட்டலில் கோப்பை கழுவினார். அகதிக் கோரிக்கையை ஏற்றால்தான் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கூப்பிடலாம். விசாரணைக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. சாப்பாடும் இல்லாமல் நித்திரையும் இல்லாமல் கிடந்தவரை, "வாங்கோ அண்ணை, காத்துப்பட்டுக்கொண்டு வருவம்" என்று வைகாசி மாத ஞாயிறொன்றில் சிம்கோ வாவிப் பக்கம் கூட்டிப்போனேன். லைசென்ஸ் எடுத்திருந்தோம். அதோடு தந்த சட்டப் புத்தகத்தை நான் வாசிக்கவில்லை. அதன்மேல் வைத்து வெங்காயம் வெட்டியதுதான் மிச்சம்.

அரை மணித்தியாலத்தில் அண்ணை கொழுத்த பாஸ் மீனொன்றைப் பிடித்துத் தண்ணீர் வாளிக்குள் விட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"உதின்ர தலையில ஒரு சொதி வைச்சா, தம்பி, பதினைஞ்சாம் மாடி முழுக்க மணக்கும்."

அந்த நேரம் பார்த்து மரங்களுக்குள்ளிருந்து சீருடையில் ஒருவர் வந்தார். மீனுக்கும் மானுக்கும் காவல் காக்க ஓர் உத்தியோகம் இருப்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் வாயைத் திறக்குமுன்னரே தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி, இருவரும் வரிசையில் நின்றோம். ஊர்ச் சோதனைச் சாவடியில் பழகிய பழக்கம். அண்ணை சட்டைப் பையிலிருந்து பொலித்தீன் பையை எடுத்து அகதிக் கடதாசி, வழக்கறிஞரின் கடிதம், ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாவற்றையும் நீட்டினார். நான் என் பங்குக்கு பஸ் பாசை நீட்டினேன். கேட்க வந்த லைசென்ஸ் மட்டும் நாங்கள் வந்த வான் வண்டிக்குள் கிடந்தது.

காவலர் ஞானஸ்நானச் சான்றிதழை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். பிறகு வாளியை எட்டிப் பார்த்தார். முகம் இறுகியது.

"கேஸ் எழுதப் போறானோ, தம்பி? எழுதினா என்ர பிள்ளையள் வரேலாது." அண்ணை கடதாசிகளைத் திரும்பப் பைக்குள் திணித்தார்.

எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் விசாரணை, மனைவி, பிள்ளைகள் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னதைத் தமிழில் சொன்னேன்.

"இப்ப பாஸ் பிடிக்கக்கூடாதாம், அண்ணை. கூட்டுக்குக் காவல் நிக்கிறது ஆண் மீனாம். அது இல்லாட்டி மற்ற மீனுகள் வந்து முட்டையைத் திண்டிடுமாம்."

"அப்ப உது தகப்பனோ?"

"ஓம்."

அண்ணை சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. விறைக்கிற தண்ணீரில் முழங்காலளவுக்கு இறங்கி வாளியைச் சரித்தார். "போ ராசா, பிள்ளையளிட்டப் போ."

காவலர் ஒன்றும் எழுதவில்லை. சட்டப் புத்தகம் வேறொன்று தந்தார். அதை மட்டும் நான் ஒழுங்காக வாசித்தேன்.

கோரிக்கையை ஏற்றார்கள்; அண்ணையின் மனைவியும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். மூத்தவளோடு அண்ணை இப்போது மிசிசாகாவில். இன்றைக்கும் சீசன் திறக்குமுன் பாஸ் பிடிக்கமாட்டார். "தகப்பன்மார் வேலையில நிக்கினம்" என்பார்.

என் மனைவி எறியாமல் விட்ட புழுக்களோடு போன ஞாயிறு நானும் அவரும் அதே கரைக்குப் போனோம். சீருடையில் ஓர் இளம்பெண் வந்து லைசென்ஸ் கேட்டாள். என் கை தன்பாட்டில் தொப்பிக்குப் போனது. அண்ணை திரும்பியும் பார்க்கவில்லை.

"போனுக்குள்ள கிடக்கு, தம்பி. எடுத்துக் காட்டிவிடு" என்றார், தூண்டிலை விடாமல். அன்றைக்குப் பொலித்தீன் பை துருத்திக்கொண்டிருந்த சட்டைப் பையில் இப்போது மூக்குக்கண்ணாடி மட்டும் இருந்தது.